பி பக்கம்: ‘பிக்சர் புக்’ பற்றி வாசகர் கேள்விகள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் நெடுங்காலம் கேசட் கடை நடத்திய நம் பத்தியாளர், இசை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். போன இதழில் ‘சிம்ப்ளி ரெட்’ குழுவின் முதல் ஆல்பமான ‘பிக்சர் புக்’கைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்கு வந்த கடிதங்களைக் கட்டி அவரிடமே அனுப்பிவிட்டோம். - ஆசிரியர்)

கேள்வி: “இங்கிலீஷ் பாட்டே வேண்டாம் என்கிறவரும் ‘பிக்சர் புக்’கை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்” என்று எழுதினீர்கள். யார் இவர்கள்? எனக்கு இங்கிலீஷ் பாட்டு கிளிஃப் ரிச்சர்டோடு சரி.
(ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, கோலகங்சார்)

கிராணி ஐயா, இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஊர்க் குழு. பாடுகிறவர் மிக் ஹக்னல். இந்த ஆல்பத்தை 1985 அக்டோபரில் எலெக்ட்ரா கம்பெனி வெளியிட்டது. பத்துப் பாட்டு. விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 2ஆம் இடம் வரைக்கும், அமெரிக்காவில் 16ஆம் இடம் வரைக்கும் ஏறியது. கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையை எடுத்து, கொஞ்சம் ஜாஸ் கலந்து, பாப் பாட்டின் அளவுக்கு வெட்டித் தைத்திருப்பார்கள்.

முதல் ஆல்பம் என்றதும் நேற்று மீசை முளைத்த பையன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ் கிட்டார் வாசித்த டோனி பவர்ஸ், டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ஜாய்ஸ், ட்ரம்பெட் ஊதிய டிம் கெலட் மூவரும் அதே ஊரில் ‘டுருட்டி காலம்’ என்ற குழுவில் வாசித்துப் பழகியவர்கள். ஹக்னலே அதற்கு முன்னால் ஒரு பங்க் குழுவில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர். தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் லெவின், அமெரிக்கர். தென்னாப்பிரிக்க ட்ரம்பெட் மேதை ஹியூ மசெகேலாவின் கூட்டாளி. 1974இல் முகமது அலியும் ஃபோர்மனும் மோதிய குத்துச்சண்டையை ஒட்டி கின்ஷாசாவில் பெரிய இசை விழா நடந்ததே, அதை ஏற்பாடு செய்ததே இந்த இரண்டு பேர்தான். ஆக, எல்லாரும் முன்பே எங்கெங்கோ அடிபட்டு வந்தவர்கள். எனக்கு இந்த ஆல்பம் பிடித்ததற்கு அதுதான் காரணம். கீழே வேறு கேள்விகளிலும் இதையே சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ‘ஹோல்டிங் பேக் த இயர்ஸ்’ காதல் பாட்டுதானே அங்கிள்? அம்மாவும் அப்பாவும் கல்யாண நாளன்று தவறாமல் போடுவார்கள்.
(கல்லூரி மாணவி, தாப்பா)

இல்லைம்மா. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அது வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று துடிக்கிற, போகவும் பயப்படுகிற ஒரு பையனின் பாட்டு. ஹக்னலுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவருடைய தாய் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தகப்பனார் முடிவெட்டும் தொழிலாளி. மறுமணம், அது இது என்று போகாமல் ஒரே ஆளாகப் பிள்ளையை வளர்த்தார் என்பார்கள். அப்பாவின் எதிர்பார்ப்பில் மூச்சு முட்டுகிறது, அம்மாவின் கைக்கு மனசு ஏங்குகிறது என்பது முதல் சரணத்திலேயே வந்துவிடும். காதலிக்கு அதில் இடமே கிடையாது. எழுதும்போது அவருக்கு வயது பதினேழு.

இப்போது கணக்கைக் கேள். அந்தப் பழைய பங்க் குழு, ‘ஃப்ரான்டிக் எலிவேட்டர்ஸ்’, 1982இல் இதே பாட்டைத் தங்கள் சொந்த லேபிளில் சிங்கிளாக (தனிப் பாட்டுத் தட்டாக) போட்டது. சீந்துவாரில்லை. குழு கலைந்தது. 1985இல் சிம்ப்ளி ரெட்டாகத் திரும்பப் பாடி வெளியிட்டார்கள். பிரிட்டனில் 51ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 1986இல் மறுபடியும் வெளியிட்டார்கள். அதே பாட்டு, அதே குரல். இந்த முறை பிரிட்டனில் 2ஆம் இடம், ஜூலையில் அமெரிக்காவில் முதல் இடம். வேறு கம்பெனியாக இருந்தால் இரண்டாம் தடவையிலேயே கைகழுவியிருப்பார்கள்.

அடுத்த தடவை கேட்கும்போது ட்ரம்பெட்டைக் கவனி. கெலட் அதன் வாயில் அடைப்பான் செருகி ஊதுவார். சத்தம் பக்கத்து அறையில் இருந்து வருகிற மாதிரி இருக்கும். ஹக்னலும் பாட்டின் பெரும்பகுதி குரலை உயர்த்தவே மாட்டார். கத்தத் தெரிந்த ஆள் கத்தாமல் பாடுகிறார் என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கடைசிப் பகுதியில் கொஞ்சம் திறந்துவிடுவார், அவ்வளவுதான்.

கல்யாண நாளுக்குப் போடுவதில் ஒன்றும் குற்றமில்லை. நம் கல்யாண மண்டபங்களில் வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கரில் தாலி கட்டிய கையோடு என்னென்ன ஒப்பாரி எல்லாம் ஓடுகிறது என்று கேட்டிருப்பாய்தானே.

கேள்வி: ஏன் ‘ரெட்’? கட்சிக் கொடியா?
(வாசகர், சித்தியவான்)

தலைமுடி. அப்புறம் அவர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்.

கேள்வி: ‘மணிஸ் டூ டைட் டு மென்ஷன்’ பாட்டை என் மூத்த அண்ணன் எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பார். கையில் காசில்லாதவன் பாட்டு என்பது மட்டும் புரிந்தது. அது இவர்கள் எழுதியதா? நம்ம ஆளுங்களுக்கு ஏன் அது அவ்வளவு பிடித்தது?
(செம்பனைத் தோட்ட மண்டோர், தெலுக் இந்தான்)

இவர்கள் எழுதியதில்லை. அமெரிக்காவில் ஓஹாயோவைச் சேர்ந்த வேலன்டைன் சகோதரர்கள், ஜான், வில்லியம் என்று இருவர், 1982இல் பாடியது. அப்போது அங்கே அதிபர் ரீகன், வேலையில்லாத் திண்டாட்டம் கடுமை. பாட்டிலேயே ரீகனின் பொருளாதாரக் கொள்கையைப் பெயர் சொல்லி இடிப்பார்கள். மூன்று வருஷம் கழித்து ஹக்னல் பாடும்போது பிரிட்டனில் ஆட்சி தாட்சர் கையில். ஊருக்கு ஏற்ற மாதிரி பெயரை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை, ரீகனை அப்படியே விட்டுவிட்டார். மான்செஸ்டரில் கேட்டவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று விளங்காமலா போகும்? 1985இல் அவர்களுடைய முதல் சிங்கிள் அதுதான். ஆல்பத்துக்கு முன்பே வந்து பிரிட்டனில் 13ஆம் இடம் பிடித்தது.

நம் ஆட்களுக்கு ஏன் பிடித்தது என்று கேட்கிறீர்கள். மண்டோரே, அந்த வருஷத்தை மறந்துவிட்டீர்களா? ஆல்பம் வந்த அதே அக்டோபர் மாதம், 24ஆம் தேதி, லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரத்தை நிறுத்தினார்கள். விலை தலைகுப்புற விழுந்தது. கம்பார், ஈப்போ பக்கம் ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்) ஒவ்வொன்றாக மூடின. ரப்பர் விலையும் கீழே, செம்பனை எண்ணெய் விலையும் கீழே. அந்த வருஷம் நாட்டின் பொருளாதாரமே வளராமல் சுருங்கியது. பால்மரம் வெட்டுகிறவர் கூலி ரப்பர் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கடையில் அது எப்படித் தெரிந்தது என்றால், புதுக் கேசட் வாங்குவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த பழைய கேசட்டைக் கொண்டுவந்து, “இதுலயே வேற பாட்டு ஏத்திக் குடுங்கண்ணே” என்பார்கள். கம்பெனி கேசட்டில் பதிவை அழிக்கக்கூடாது என்பதற்காக மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பல்லையும் உடைத்தே அனுப்புவார்கள். அந்தக் குழியை செலோடேப் ஒட்டி மூடினால் மெஷின் ஏமாந்து பதிவு செய்துவிடும். சீர்காழி பக்திப் பாட்டுக்கு மேலேயே ‘சிந்து பைரவி’யையும் ‘முதல் மரியாதை’யையும் ஏற்றியிருக்கிறேன். சில கேசட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பழைய முருகன் இரண்டு வினாடி வந்து போவார்.

அப்போது தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்த ஒரு தம்பி சாயங்காலம் கடை வாசலில் வந்து நிற்பான். வாங்க மாட்டான், கேட்பான். ஒருநாள் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “என்னண்ணே சொல்றான்?” என்றான். சொன்னேன்: வேலை போச்சு, வாடகை கட்டணும், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கணும். பேங்குக்குப் போனான், கைய விரிச்சிட்டாங்க. கூடப் பிறந்தவன்கிட்ட கேட்டான், அவனுக்கும் இல்லை. அப்பாகிட்ட போனான், அங்கேயும் அதே கதை.

அவன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “ஏண்ணே, முதல்லயே பேங்குக்கா போவான்? அடகுக்கடைக்குல்ல போகணும்!”

எனக்கு இந்தப் பாட்டைப் பற்றி அதைவிட நல்ல விமர்சனம் கிடைத்ததில்லை. பேங்க் நம்மை உள்ளேயே விடாது என்பது அவன் அனுபவம். ஓஹாயோக்காரனுக்காவது உள்ளே போய் இல்லை என்று சொல்லக் கேட்கிற பாக்கியம் இருந்தது. ஆனால் மற்றதெல்லாம், அண்ணன் தம்பியிடம் வாய்விட்டுக் கேட்பது, கேட்டபின் வருகிற மௌனம், அப்பாவின் முகத்தைப் பார்ப்பது, அதற்கெல்லாம் விளக்கம் சொல்லும் வேலையே எனக்கு இருக்கவில்லை. இவ்வளவையும் சொல்கிற பாட்டுக்கு ஆடவும் முடிகிறது பாருங்கள், அங்கே நிற்கிறது வேலன்டைன் சகோதரர்களின் கைவண்ணம். ஹக்னல் குழு தாளத்தைக் கொஞ்சம் இறுக்கியது. அவர்களுடைய பங்கு அவ்வளவே என்பேன். மூலத்தையும் தேடிக் கேளுங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரர் கறுப்பர் பாட்டைப் பாடிப் புகழ் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் அதைத் தூக்கிப் பிடிக்கலாமா?
(ஆசிரியர், பாகான் செராய்)

நியாயமான கோபம், சார். வேலன்டைன் சகோதரர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் கடிதத்தில்கூட இல்லை.

ஆனாலும் இரண்டு விஷயம் சொல்வேன். குழுவில் கீபோர்டு வாசித்த ஃப்ரிட்ஸ் மக்கின்டயரும் கிட்டார் வாசித்த சில்வன் ரிச்சர்ட்சனும் கறுப்பினத்தவர்கள். மக்கின்டயர் சும்மா ஓரமாக நின்று வாசித்த ஆளும் இல்லை. ஆல்பத்தின் முதல் பாட்டு ‘கம் டு மை எய்ட்’, கடைசிப் பாட்டு ‘பிக்சர் புக்’ இரண்டையும் ஹக்னலோடு சேர்ந்து உருவாக்கியவர்.

இரண்டாவது, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் ‘அலிகேட்ஸ்’ குழுவில் பாடியது என்ன? பஞ்சு மிட்டாய் மாதிரி பெரிய தலைமுடி வைத்துக்கொண்டு, அமெரிக்க சோல் பாட்டு கேட்டு வளர்ந்த தொண்டையில் மலாய்ப் பாட்டு. அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் சேர்ந்து பாடினோம். அவர்களும் ஹாங்காங் கிளப்புகளில் இரவு இரவாக அடுத்தவர் பாட்டைப் பாடித்தான் தேறினார்கள். மலாய் ஆல்பம் வந்தபோது ஊர் உலகத்துக்குப் புதுக்குழு, அவர்களுக்கோ பத்து வருஷத் தொழில். 2007இல் லோகா காலமானபோது என் கடை இருந்த வரிசையில் சீனக் கடைக்காரர் ஒருவர் அன்று முழுக்க வேறு பாட்டே போடவில்லை.

யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், எழுதியவனுக்குக் காசு போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பாட்டை யாரும் பாடலாம் என்பது என் கட்சி. உங்கள் கட்சி வேறாக இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: பத்துப் பாட்டும் நன்றாக இருக்கும் என்று சும்மா அளக்காதீர்கள். எது மட்டம்?
(பழைய வாடிக்கையாளர், சுங்கை சிப்புட்)

நீங்கள் யார் என்று கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாக்கி இன்னும் இருக்கிறது.

‘ஹெவன்’ எனக்கு ஒட்டவில்லை. அது ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு 1979இல் போட்டது. சொர்க்கத்தில் ஒன்றுமே நடக்காது என்கிற பாட்டு. மூலத்தில் அதைச் சோற்றுக்கு உப்பில்லாத முகத்தோடு பாடுவார்கள், அதில்தான் வேடிக்கையே. ஹக்னல் உருகிவிடுகிறார். ‘லுக் அட் யூ நௌ’ வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ‘நோ டைரக்‌ஷன்’ ஓட்டம் நன்றாக இருக்கும், நிற்கும்போது மனசில் ஒன்றும் தங்காது.

நான் ஆளில்லாத நேரம் கடையில் போட்டுக் கேட்டது ‘சேட் ஓல்ட் ரெட்’. பாஸ் கிட்டார் நடை போட்டுக்கொண்டே போகும், அதன் பின்னால் குரல் கையைப் பையில் விட்டுக்கொண்டு வரும். அது ஒருநாளும் ஹிட் ஆகவில்லை. ஆகாததே நல்லது.

கேள்வி: அதன் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?
(வாசகி, கம்பார்)

1987 கிராமி விருதில் சிறந்த புதுக் கலைஞர் பிரிவுக்கு முன்மொழிந்தார்கள். பதினேழு வயதில் எழுதிய பாட்டுக்குப் பத்து வருஷம் கழித்துப் புதுக் கலைஞர் பட்டம்! அதுவும் கிடைக்கவில்லை, புரூஸ் ஹார்ன்ஸ்பிக்குப் போய்விட்டது. 1989இல் இன்னொரு பழைய சோல் பாட்டைப் பாடி அமெரிக்காவில் மறுபடி முதல் இடம். 1991இல் வந்த ‘ஸ்டார்ஸ்’ ஆல்பம் பிரிட்டனில் 1991, 1992 இரண்டு வருஷமும் விற்பனையில் முதல். முதல் ஆல்பத்தில் வாசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், ஹக்னல் மட்டும் மிச்சம். நன்றாகவே பாடினார். எனக்குத்தான் அப்புறம் ஈடுபாடு குறைந்துவிட்டது.

கேள்வி: தாத்தா, நீங்கள் விற்றது ஒரிஜினலா, பைரேட்டா? உண்மையைச் சொல்லுங்கள்.
(இடைநிலைப் பள்ளி மாணவன், ஈப்போ)

தம்பி, நம் நாட்டில் இப்போதுள்ள காப்புரிமைச் சட்டம் 1987இல் இயற்றி, அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் எந்த டவுனில் எந்தக் கடையில் நுழைந்தாலும், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எந்த மேசையைப் பார்த்தாலும் நகல்தான் குவிந்து கிடக்கும். என் கடையில் இரண்டும் இருந்தன. ஒரிஜினல் கண்ணாடி அலமாரியில், நகல் கல்லாப்பெட்டி பக்கத்தில்.

நகலில் அட்டை கலர் வெளிறி இருக்கும். ஹக்னலின் சிவப்பு முடி ஆரஞ்சுப் பழ நிறத்துக்கு வந்துவிடும். பாட்டுப் பெயரில் எழுத்துப் பிழை சர்வசாதாரணம். டேப் மிச்சம் இருந்தால் வீணாக்க மனசு வராமல் கடைசியில் சம்பந்தமே இல்லாத வேறு குழுவின் பாட்டு இரண்டை ஏற்றியிருப்பார்கள். அவற்றையும் சிம்ப்ளி ரெட் பாட்டு என்று நம்பி, என்னிடம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு.

கேள்வி: இறந்துபோன அப்பாவின் பெட்டியில் இந்தக் கேசட் ஒரிஜினல் கிடைத்தது. பி பக்கம் தொடங்கும் இடத்தில் டேப் அறுந்திருக்கிறது. சரி செய்ய முடியுமா அண்ணே?
(வாசகி, சுங்காய் பட்டாணி)

முடியும், தங்கச்சி. பி பக்கத் தொடக்கம் என்றதுமே உங்கள் அப்பா எப்படிக் கேட்டார் என்று புரிந்துவிட்டது. இந்த ஆல்பத்தில் பி பக்கம் முதல் பாட்டு ‘மணிஸ் டூ டைட்’, இரண்டாவது ‘ஹோல்டிங் பேக் த இயர்ஸ்’. இரண்டையும் கேட்டுவிட்டுத் திரும்பவும் முதலுக்கு ஓட்டுவார்கள். மெஷின் முழு வேகத்தில் சுற்றி வந்து முட்டி நிற்கிற இடம் அது. அங்கே இழுபட்டு இழுபட்டு அறுந்துபோன ‘பிக்சர் புக்’ என்னிடம் நிறைய வந்திருக்கிறது.

முதலில் கேசட்டைத் திருப்பிப் பாருங்கள். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று ஐந்து ஸ்க்ரூ இருந்தால் வேலை சுலபம். கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவர் போதும். படுக்க வைத்தே திறங்கள், தூக்கினால் உள்ளே இருக்கும் சின்ன உருளை இரண்டும் விழுந்து ஓடிவிடும். நடுவில் செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னப் பஞ்சு ஒன்று இருக்கும். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கிவிடும், பத்திரம்.

அறுந்த இரண்டு நுனியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கொஞ்சம் சாய்வாக வெட்டுங்கள், சுருங்கிய பகுதி போய்விடட்டும். நுனிகள் மோதிக்கொள்ள வேண்டும், ஏறிக்கொள்ளக்கூடாது. மினுமினுப்பான பக்கம் மேலே இருக்கட்டும், அந்தப் பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். மற்றப் பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது, அதைக் கைவிரலால்கூடத் தொடாதீர்கள். இதற்கென்றே ஒட்டும் நாடா விற்கிறார்கள், ஆன்லைனில் கிடைக்கும். வீட்டு செலோடேப் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் பசை இளகி அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிளேயரின் தலையும் பாழ். ஓரத்தில் துருத்துவதை பிளேடால் சீவிவிட்டு, பென்சிலால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றிப் பார்த்த பிறகு மூடுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பி பக்கம் தொடங்கும் டேப்தான் ஏ பக்கம் முடியும் டேப். அதனால் வெட்டுப்படுவது இரண்டு பாட்டு. ‘மணிஸ் டூ டைட்’ தொடக்கத்தில் ஒரு துள்ளல் விழும், ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஜெரிக்கோ’ முடியும் இடத்திலும் ஒரு துளி காணாமல் போகும். ‘ஜெரிக்கோ’வைக் கடைசிவரை கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், கவலைப்படாதீர்கள். இனிமேல் ரீவைண்ட் பட்டனை அமுக்காமல் ஏ பக்கத்தை முழுக்க ஓடவிட்டுத் திருப்பிப் போடுங்கள்.